கசாக் தெரியாத கசாக்குகள்: அல்மாட்டியிலிருந்து ஒரு கேள்வி

#1 குளிர்காலக்குருவி

வணக்கம். கசாக்ஸ்தானில், அல்மாட்டி நகரத்தில் மருத்துவம் நான்காம் ஆண்டு படிக்கிறேன். இங்கே வந்ததும் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ரஷ்ய மொழிதான். "எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக, சாப்பிட முடிகிறதா" என்று கேட்கிற அளவுக்குச் சமாளித்துவிடுவேன்.

போன வாரம் வார்டில் ஒரு பாட்டி. தெற்கே ஏதோ கிராமம். நான் ரஷ்யத்தில் கேட்கக் கேட்க அவர் சும்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னோடு இருந்த வகுப்புத்தோழி கசாக் பெண், அல்மாட்டியிலேயே பிறந்து வளர்ந்தவள். "நீ கேளேன்" என்றேன். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. இரண்டு வாக்கியம் திக்கித் திக்கிப் பேசினாள், நடுவில் ரஷ்யச் சொல்லாக வந்து விழுந்தது. பாட்டி கோபப்படவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். "அய்னலாயின்" என்ற ஒரு சொல் மட்டும் என் காதில் நின்றது.

வெளியே வந்ததும் தோழி அழுதாள். "நான் ஷலா-கசாக்" என்றாள். அரைவேக்காட்டுக் கசாக் என்று அர்த்தமாம்.

சொந்த நாடு, சொந்த மொழி, அரசு மொழியும் அதுதான். அப்படியும் படித்த பெண்ணுக்குப் பேச வரவில்லை என்றால் எப்படி? யாராவது விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

#2 பழையபேப்பர்

நல்ல கேள்வி. ஒரு வரியில் சொல்ல முடியாது, கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

கசாக்குகள் மேய்ச்சல் மக்கள். ஆடு, குதிரை, ஒட்டகம், பருவத்துக்கு ஏற்ப இடம் மாறுகிற வாழ்க்கை. 1930-33-இல் சோவியத் அரசு அவர்களைக் கட்டாயமாக ஒரே இடத்தில் குடியமர்த்தி, மந்தைகளைப் பிடுங்கி, இறைச்சிக்கும் தானியத்துக்கும் இலக்கு வைத்தது. விளைவு பெரும் பஞ்சம். அவர்கள் அதை 'அஷர்ஷிலிக்' என்கிறார்கள். ஏறக்குறைய 15 லட்சம் பேர் செத்தார்கள், அதில் சுமார் 13 லட்சம் பேர் கசாக்குகள். அந்த இனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். சீனாவுக்கும் மங்கோலியாவுக்கும் ஓடியவர்கள் தனிக்கணக்கு.

அப்புறம் அந்தக் காலி நிலத்தில் யார் யாரோ வந்து இறங்கினார்கள், அல்லது இறக்கப்பட்டார்கள். 1937-இல் தூரக்கிழக்கிலிருந்து கொரியர்கள், 1941-இல் வோல்கா ஜெர்மானியர்கள், 1944-இல் செச்சென்கள். 1954 முதல் 'கன்னி நிலத் திட்டம்' என்று கோதுமை விதைக்க ரஷ்யாவிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் லட்சக்கணக்கில் ஆட்கள். 1959 கணக்கெடுப்பில் கசாக்குகள் தங்கள் குடியரசிலேயே 30 சதவீதம்தான்.

அப்படியொரு ஊரில் கடை, அலுவலகம், பல்கலைக்கழகம், பதவி உயர்வு எல்லாம் எந்த மொழியில் நடக்கும்? அன்றைய அல்மாட்டியில் கசாக் வழிப் பள்ளிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிள்ளை முன்னேறட்டும் என்று பெற்றோரே ரஷ்யப் பள்ளியில் சேர்த்தார்கள். உங்கள் தோழியின் தாத்தா பாட்டி காலத்தில் நடந்தது இது. அவள் பிறக்கும்போதே வீட்டில் கசாக் பாதி போயிருக்கும்.

2021 கணக்கெடுப்பில் கசாக்குகள் 70 சதவீதத்துக்கு மேல், ரஷ்யர்கள் 15.5 சதவீதம். ஆள் எண்ணிக்கை திரும்பிவிட்டது. மொழி அவ்வளவு வேகமாகத் திரும்பவில்லை.

#3 ஏழாம்வேற்றுமை

பழையபேப்பர் சொன்னது சோகக்கதை. நான் சந்தோஷமான பக்கத்தைச் சொல்கிறேன். தங்கச்சி, கசாக் மொழியை நீ ரஷ்யத்தைவிட வேகமாகப் பிடித்துவிடலாம். காரணம், நமக்குப் பழக்கமான மாதிரியே விகுதியை விகுதியோடு ஒட்டிக்கொண்டு போகும் மொழி அது.

பாலா என்றால் பிள்ளை. பாலாலார், பிள்ளைகள். பாலாலாரிமிஸ், எங்கள் பிள்ளைகள். பாலாலாரிமிஸ்கா, எங்கள் பிள்ளைகளுக்கு. வினை கடைசியில்தான் வரும். ஆண்பால் பெண்பால் தொல்லை கிடையாது; அவன், அவள், அது மூன்றுக்கும் 'ஓல்' ஒன்றே. வேற்றுமை ஏழு.

ஒரே சிக்கல் உயிரொலி இசைவு. சொல்லில் இருக்கும் உயிருக்கு ஏற்ப விகுதியின் உயிரும் மாறும். பாலா-லார், ஆனால் உய்-லெர் (வீடுகள்). மெய்யும் மாறும்: அத்-தார் (குதிரைகள்), கிஸ்-தார் (பெண்கள்). 'கல்'லோடு 'கள்' சேர்ந்தால் 'கற்கள்' என்று சொல்கிற வாய்க்கு இது ஒன்றும் பெரிய விஷயமில்லை.

#4 மூவேந்தன்_78

பார்த்தீர்களா! அவர்களும் அத்தா, அப்பா என்கிறார்கள். கசாக் மொழிக்கு மூலம் தமிழ்தான் என்று நான் எப்போதோ சொன்னேன், யாரும் கேட்கவில்லை.

#5 ஏழாம்வேற்றுமை

அண்ணே, கசாக்கில் 'அதா' என்றால் தாத்தா. 'அபா' என்றால் அக்கா, சில வட்டாரங்களில் அம்மா அல்லது பாட்டி. 'அனா' என்றால் தாய். அங்கே போய் "அப்பா" என்று கூப்பிட்டால் பெண்கள்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

கசாக் துருக்கிய மொழிக் குடும்பம், அதில் கிப்சாக் கிளை. நொகாய், கரகல்பாக் இரண்டும் அதற்கு மிக நெருக்கம். ஒட்டுநிலை என்பது கட்டடம் கட்டும் முறை, இரத்த உறவு இல்லை. பொதுவாக ஏதாவது வேண்டுமென்றால் கடன் சொற்கள் இருக்கின்றன. பாரசீகமும் அரபியும் நமக்கும் கொடுத்தன, அவர்களுக்கும் கொடுத்தன. நம் பஜார் அவர்களுக்கு 'பசார்'. நம் மைதானம் அவர்களுக்கு 'மைதான்', ஆனால் போர்முனை என்ற பொருளில். நம் வக்கீல் அங்கே 'உவாகில்', கோட்டுப் போடாத வெறும் பிரதிநிதி.

#6 நெறியாளர்

மூலமொழி ஆராய்ச்சிக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே கசாக் மட்டும்.

#7 ஈயஎழுத்து

எழுத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. அச்சுத் தொழிலில் இருந்தவன் என்பதால் எனக்கு அதுதான் முதலில் கண்ணில் படும்.

ஒரு நூற்றாண்டுக்குள் இந்த மொழி எத்தனை சட்டை மாற்றியது பாருங்கள். முதலில் அரபு எழுத்து. அஹ்மத் பாய்துர்சினுலி என்ற மொழியறிஞர் 1912-இல் அதைக் கசாக் ஒலிகளுக்கு ஏற்பச் சீர்திருத்தினார். தேவையில்லாத எழுத்தைத் தள்ளி, உயிரொலிகளுக்கு வழி செய்து, பிள்ளைகள் எளிதாகப் படிக்கும்படி ஆக்கினார். 1929-இல் லத்தீன் வந்தது. 1940-இல் சிரிலிக். அப்போது ரஷ்யத்தின் 33 எழுத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு கசாக் ஒலிகளுக்கு ஒன்பதைச் சேர்த்து 42 ஆக்கினார்கள். ரஷ்யக் கடன் சொல்லை ரஷ்யர்கள் எழுதுகிற மாதிரியே எழுதவேண்டும் என்பது விதி. நம் வாயில் நுழையும்படி மாற்றிக்கொள்ளும் உரிமை போனது. எனக்கு இதுதான் பெரிய இழப்பாகத் தெரிகிறது. "டாக்டர்" என்று எழுத நமக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இதற்குள் பாய்துர்சினுலி இல்லை. 1937 டிசம்பரில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். இலக்கணம் எழுதியவர், 'கசாக்' என்ற பத்திரிகையை 1913 முதல் நடத்தியவர். செப்டம்பர் 5 அவர் பிறந்தநாள். அதைத்தான் இன்று அந்த நாட்டில் மொழிகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

எழுத்து மாறும்போதெல்லாம் தாத்தா எழுதியதைப் பேரன் படிக்க முடியாது. 1910-இல் எழுதிய கடிதம் ஒரு எழுத்தில், 1935-இல் எழுதியது வேறொன்றில், 1950-இல் எழுதியது இன்னொன்றில். ஒரே பெட்டியில், ஒரே குடும்பத்தில்.

#8 காய்கறிக்கடை

2017 கூத்தை விட்டுவிட்டீர்களே! மறுபடி லத்தீனுக்குப் போகிறோம் என்று அறிவித்தார்கள். முதலில் வந்த வரைவில் ஒரு ஒலிக்கு இரண்டு எழுத்து. கேரட்டுக்குக் கசாக்கில் 'சாபிஸ்'. அதைப் புதுமுறையில் எழுதிப் பார்த்தால், ரஷ்யம் தெரிந்தவர்கள் கண்ணுக்கு ஒரு கெட்ட வார்த்தை மாதிரி இருந்தது. நாடே சிரித்தது. அதைக் கைவிட்டு எழுத்துக்கு மேலே ஒற்றை மேற்கோள் குறி போடலாம் என்றார்கள். அது இன்னும் மோசம், பக்கம் முழுக்க ஈ மொய்த்த மாதிரி. 2018-இல் குறியை மாற்றினார்கள். 2021-இல் துருக்கிய பாணியில் மேலே புள்ளி வைத்து 31 எழுத்தோடு இன்னொரு வரைவு. தெருவில் இன்னமும் சிரிலிக்தான்.

#9 ஈயஎழுத்து

சிரிப்பு வந்தாலும், அவர்கள் செய்யப் பார்த்தது தவறில்லை. கசாக்குகள் பல நாடுகளில் இருக்கிறார்கள். சீனாவின் சின்ஜியாங்கில் இருப்பவர்கள் இன்னும் பாய்துர்சினுலி சீர்திருத்திய அரபு எழுத்தில்தான் எழுதுகிறார்கள். மங்கோலியாவின் பயான்-உல்கியில் சிரிலிக். வெளிநாட்டிலிருந்து திரும்பி வரும் கசாக்குகளுக்கு 'கண்டஸ்' என்று பெயர், ஒரே இரத்தம் என்று பொருள். 1991-க்குப் பிறகு பத்து லட்சத்துக்கு மேல் வந்திருக்கிறார்கள். சீனாவிலிருந்து வந்தவருக்குக் கசாக் சரளமாக வரும், ஆனால் கடைப் பலகையைப் படிக்க முடியாது. அல்மாட்டிப் பெண்ணுக்குப் பலகை படிக்க வரும், பேச வராது. இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்தி யார் முழுக் கசாக் என்று கேட்டுப் பாருங்கள்.

#10 நடைமுறைவாதி

எல்லாரும் உருகுகிறீர்கள். நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம். ரஷ்யம் பேசினால் என்ன குறைந்துபோயிற்று? அறிவியல் புத்தகம், வேலை, பக்கத்து நாடுகளோடு வியாபாரம் எல்லாம் அதில் இருக்கிறது. அவர்களுடைய பெரும் கவிஞர் அபாய் (1845–1904) தன் உரைநடை நூலின் 25-ஆம் பகுதியில் ரஷ்யம் படியுங்கள் என்றுதான் சொல்கிறார். 1995 அரசியல் சட்டத்தின் 7-ஆவது பிரிவும் கசாக்கை அரசு மொழி என்றுவிட்டு, அரசு அலுவலகங்களில் ரஷ்யத்தையும் அதற்குச் சமமாகப் பயன்படுத்தலாம் என்றது. அந்த நாட்டில் உஸ்பெக், உய்குர், ஜெர்மன், கொரியர் எல்லாரும் இருக்கிறார்கள். 2021-இல் சில ஆட்கள் கடை கடையாகப் போய், "ஏன் கசாக்கில் பதில் சொல்லவில்லை" என்று விற்பனைப் பெண்களை வீடியோ எடுத்து மிரட்டினார்கள். அதுதான் மொழிப்பற்றா?

#11 பழையபேப்பர்

மிரட்டல் தவறு, அதில் சண்டையில்லை. ஆனால் அபாய் படி என்றாரே தவிர மற என்று சொல்லவில்லை. அதைச் சொன்ன வாக்கியத்தையே அவர் கசாக்கில்தான் எழுதினார். சரி, கொசுறு ஒன்று: 'அபாய்' அவர் சொந்தப் பெயரே இல்லை. இப்ராகிம் என்று வைத்த பெயரை, பாட்டி ஜெரெ செல்லமாக 'அபாய்' என்று கூப்பிட்டார். நிதானமானவன் என்று அர்த்தம். பாட்டி கூப்பிட்ட பெயர்தான் நாணயத்திலும் தெருப் பலகையிலும் நின்றது.

இன்னொன்று. கசாக் தெரியாத கசாக்கைத் திட்ட அங்கே ஒரு சொல் உண்டு, 'மங்குர்த்'. 'ஜமீலா' வழியாக நமக்குத் தெரிந்த கிர்கிஸ் எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவ், 1980-இல் வந்த தன் நாவலில் அந்தச் சொல்லைப் பிரபலமாக்கினார். கைதியின் மழித்த தலையில் ஒட்டகத்தின் பச்சைத் தோலை இறுக்கிக் கட்டி வெயிலில் போட்டுவிடுவார்கள். தோல் காய்ந்து இறுக இறுக நினைவு போய்விடும். கடைசியில் தேடி வந்த தாயையே அவன் அம்பெய்து கொல்வான். பயங்கரமான கதை. ஆனால் அந்த நாவல் எழுதப்பட்டது ரஷ்ய மொழியில்! மொழியை மறந்தவனைத் திட்டும் சொல் ரஷ்யம் வழியாக வந்து சேர்ந்திருக்கிறது.

எனக்கு அந்த வசைமேலேயே கோபம் உண்டு. கதையில் தோலைக் கட்டியவன் வேறு யாரோ. இங்கே திட்டு வாங்குவது கட்டப்பட்டவனின் பேத்தி.

#12 வடகரை_மருமகள்

குளிர்காலக்குருவி, பாட்டி சொன்னதாக நீ எழுதிய அந்தச் சொல்லை யாருமே விளக்கவில்லையே. அய்னலாயின்!

நேர்ப்பொருள் "நான் உன்னைச் சுற்றி வரட்டும்" என்பது. 'அய்னலு' என்றால் சுற்றுவது. நோயாளியை ஒருவர் சுற்றி வந்தால் அந்த நோய் சுற்றியவர்மேல் இறங்கிவிடும் என்ற பழைய நம்பிக்கையிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். அதாவது, உனக்கு வருவது எனக்கு வரட்டும், கண்ணே. நம் வீட்டில் மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுவோம், அங்கே ஆளே சுற்றி வருகிறார். வார்டில் படுத்திருந்த பாட்டி, நல்ல ஆரோக்கியமாக நின்ற பெண்ணிடம் அதைச் சொல்லியிருக்கிறார். உன் தோழி அழுதது வெட்கத்தால் மட்டும்தான் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னும் கேள். குழந்தையை 'போதாம்' என்பார்கள், என் ஒட்டகக் குட்டியே. 'குலினிம்', என் குதிரைக் குட்டியே. குதிரைக்கு வயதுக்கு ஒரு பெயர்: குலின், தாய், குனான், தோனென் என்று வரிசையாக வளரும். அப்புறம் உறவுமுறை. ஆங்கிலத்தில் தேடினால் கிடைக்காத 'சகலை'க்கு அவர்களிடம் 'பாஜா' இருக்கிறது. தாய்வழிச் சொந்தம் 'நகஷி', பெண் வயிற்றுப் பிள்ளை 'ஜியென்'. ஜியென் தாய்மாமன் வீட்டில் விரும்பியதை மூன்று முறைவரை கேட்டு எடுத்துக்கொள்ளலாம், மாமன் மறுக்கக்கூடாது. சீர் செய்து நொந்த மாமன்கள் அங்கேயும் உண்டு போல.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது மருமகள் கதை. புகுந்த வீட்டுப் பெரியவர்கள் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. என் மாமியார்கூட "இந்தாங்க" என்றே நாற்பது வருடம் ஓட்டினார், ஆனால் கசாக் மருமகள் பாடு இன்னும் கஷ்டம். அந்தப் பெயருக்கு உள்ளே இருக்கும் சாதாரணச் சொல்லையும் சொல்லக்கூடாது. ஒரு மருமகள் தண்ணீர் எடுக்கப் போனாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், நாணலுக்கு இந்தப் பக்கம், ஓநாய் ஒன்று ஆட்டைத் தின்றுகொண்டிருந்தது. கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டி எடுத்துவர வேண்டும். அவள் போதாத காலம், ஆறு, நாணல், ஓநாய், ஆடு, கத்தி, சாணைக்கல் எல்லாமே மாமனார் கொழுந்தனார் பெயர்களில் இருக்கின்றன! ஓடிவந்து கத்தினாளாம்:

"பாய்வதற்கு அப்பால், சலசலப்பதற்கு இப்பால், ஊளையிடுவது 'மே' என்பதைத் தின்கிறது! அறுப்பதைத் தீட்டுவதில் தீட்டிக்கொண்டு ஓடி வாருங்கள்!"

கசாக்குகள் இதை அடக்க ஒடுக்கத்துக்காகச் சொல்வதில்லை, சாமர்த்தியத்துக்காகச் சொல்கிறார்கள். எனக்கென்னவோ ஆட்டுக்காகத்தான் கவலையாக இருக்கிறது.

#13 நடைமுறைவாதி

அருமை. ஆனால் இதெல்லாம் கிராமத்துப் பழசு. நகரத்துப் பையன் எதற்காகக் கசாக் கற்க வேண்டும்? குதிரைக்குட்டிக்கு நான்கு பெயர் தெரிந்து அவன் என்ன செய்யப்போகிறான்?

#14 எசப்பாட்டு

பாட்டுக் கேட்பான்! கசாக்கில் 'அய்திஸ்' என்று ஒரு போட்டி. இரண்டு புலவர்கள் கையில் தொம்ப்ரா என்ற இரண்டு தந்தி வாத்தியத்தோடு எதிரெதிரே உட்கார்ந்து, அங்கேயே கட்டி அங்கேயே பாடி ஒருவரையொருவர் மடக்க வேண்டும். கிண்டல், குலப்பெருமை, அதிகாரிகளுக்கு ஊசி குத்தல் எல்லாம் உண்டு. 2015-இல் யுனெஸ்கோ பட்டியலில் கசாக், கிர்கிஸ் இரண்டு பேருக்கும் சேர்த்து இடம் கிடைத்தது. நம் லாவணியை இன்று அரங்கம் நிறைய ஆளோடு நினைத்துப் பாருங்கள். அதை மொழிபெயர்த்துக் கேட்க முடியுமா? சிரிப்பு வருவதற்குள் அடுத்த அடி போய்விடும்.

பழசு வேண்டாமென்றால் நைன்ட்டி ஒன் என்ற பையன்கள் குழு இருக்கிறது. பெயரே 1991 சுதந்திரத்தை வைத்து. கொரியப் பாணி நடனம், சாயம் பூசின முடி, காதில் கடுக்கன், பாட்டு மட்டும் கசாக். 2016-இல் சில ஊர்களில் "இவர்கள் ஆண்பிள்ளைகள் மாதிரியா இருக்கிறார்கள்" என்று எதிர்த்துக் கச்சேரியையே நிறுத்தினார்கள். பண்பாட்டைக் காப்பாற்றுகிறோம் என்றவர்கள் மறித்தது, நகரத்துப் பிள்ளைகளைக் கசாக்கில் முணுமுணுக்க வைத்த ஆட்களை.

#15 ஏழாம்வேற்றுமை

புதுச்சொல் சண்டையும் உண்டு, நமக்கு நன்றாகவே புரியும். விமானம் 'உஷாக்' நிலைத்துவிட்டது, பறப்பது என்று பொருள். ஐஸ்கிரீம் 'பால்மூஸ்தாக்', தேன்பனி. அழகு, எல்லாரும் சொல்கிறார்கள். பியானோவுக்கு ஒருவர் 'குய்சந்திக்' என்றார், இசைப்பெட்டி. இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நம் பனிக்கூழ் எந்தப் பட்டியல் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

#16 காய்கறிக்கடை

குடும்பப்பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சோவியத் காலத்தில் எல்லாருக்கும் ரஷ்ய வால்: -ஒவ், -எவ். இப்போது பலர் அதை வெட்டிவிட்டு 'உலி' (மகன்), 'கிசி' (மகள்) என்று அப்பா பெயரோடு வைத்துக்கொள்கிறார்கள். நம் இன்ஷியலை விரித்து எழுதின மாதிரி.

#17 நடைமுறைவாதி

சரி, ஒத்துக்கொள்கிறேன், பாதி. வேலைக்காக யாரும் வீட்டு மொழியைக் கற்பதில்லை என்று புரிகிறது. ஆனால் பள்ளியும் வேலையும் அதில் இல்லாவிட்டால் வெறும் அய்னலாயினை வைத்து எத்தனை தலைமுறை ஓட்டுவது?

#18 பழையபேப்பர்

பள்ளி இப்போது இருக்கிறது. பெரும்பான்மைப் பிள்ளைகள் கசாக் வழியில்தான் படிக்கிறார்கள். நகரங்களில் பேச்சுப் பழக இலவசக் கூட்டங்கள் நடக்கின்றன, ரஷ்யர்களும் வந்து உட்கார்கிறார்கள். மாட்டிக்கொண்டது நடுவில் இருக்கும் தலைமுறை, நம் தங்கச்சியின் தோழி மாதிரி. தம்பி தங்கை பேசுகிறார்கள், பாட்டி பேசுகிறார், இவளுக்கு வரவில்லை.

#19 குளிர்காலக்குருவி

எல்லாருக்கும் நன்றி. வடகரை அக்கா எழுதியதை மருமகள் கதையோடு தோழிக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். கதை அவளுக்குத் தெரியும், சின்ன வயதில் கேட்டதாம். அய்னலாயினுக்குச் சுற்றுவது என்று பொருள் இருப்பதை மட்டும் அவள் யோசித்ததே இல்லையாம். தினமும் கேட்ட சொல் என்பதால்.

கசாக்குகளுக்கு ஏழு தலைமுறைப் பாட்டன்மார் பெயர் தெரிந்திருக்கவேண்டும், 'ஜெத்தி அதா'. அந்த ஏழுக்குள் கல்யாணம் கூடாது. இவளுக்கு ஏழும் மனப்பாடம்! ரஷ்யப் பள்ளியில் படித்தாலும் அப்பா அதை விடவில்லையாம். விரல்விட்டுச் சொல்லிக் காட்டினாள். எனக்கு மூன்றோடு நின்றுவிட்டது.

நேற்று இரண்டு பேரும் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு பாட்டியிடம் போனோம். "காய் ஜெரிஙிஸ் அவ்ரதி?" உங்களுக்கு எங்கே வலிக்கிறது. நான் முதல் எழுத்தைச் சாதாரண 'கா'வாகச் சொன்னேன். பாட்டி தொண்டையைத் தொட்டுக்காட்டி, இன்னும் உள்ளேயிருந்து வரவேண்டும் என்று மூன்று முறை சொல்ல வைத்தார். தோழிக்கு முதல் தடவையே சரியாக வந்தது.

வலி முழங்காலில். இரண்டு வருடமாக. அதற்குப் பிறகு பாட்டி பேசியதில் பாதி தோழிக்கும் புரியவில்லை, ஆனால் அவர் நிறுத்தவில்லை.